தேன்சிட்டுக்கு வைத்த தண்ணீரில் தேனீ மொய்த்தால்...

வாசகர் கேள்வி – பதில்: தோட்டமும் பறவையும்

பறவைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் ஃபீடர்கள் இப்போது நம் பக்கத்து வீடுகளிலும் தொங்கத் தொடங்கிவிட்டன. கூடவே தேனீத் தொல்லையும் வந்திருக்கிறது. கடலூர், புதுச்சேரி வாசகர்களின் இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவையே. தேனீயும் பிழைக்க வேண்டும், சிட்டும் குடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அது முடியும்.

என் மகள் நியூஜெர்சியிலிருந்து வந்தபோது ஹம்மிங் பறவைகளுக்கான ஃபீடர் ஒன்றை வாங்கி வந்தாள். கவிழ்த்த கண்ணாடிப் புட்டி, அடியில் சிவப்புத் தட்டு, தட்டில் நான்கு மஞ்சள் பிளாஸ்டிக் பூ. மொட்டைமாடிப் படிக்கட்டுக் கம்பியில் மாட்டினோம். முதல் வாரம் தேன்சிட்டுகள் ஜோடியாக வந்தன. இப்போது காலை ஒன்பது மணிக்கெல்லாம் பூவே தெரியாத அளவுக்குத் தேனீக்கள் அப்பிக்கொள்கின்றன. சிட்டுகள் கிட்டே வந்து திரும்பிவிடுகின்றன. ஃபீடர் பழுதா, மாட்டிய இடம் சரியில்லையா?
— வாசகி, லாஸ்பேட்டை

இரண்டும்தான். முதலில் புட்டியைப் பாருங்கள். கவிழ்த்த புட்டியிலிருந்து தண்ணீர் கொட்டாமல் நிற்பதற்குக் காரணம், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது. வெயிலில் புட்டி சூடானால் அந்தக் காற்று விரியும், விரிந்த அளவுக்குத் தண்ணீரைக் கீழே தள்ளும். காலையில் 27 டிகிரியில் மாட்டிய புட்டி முற்பகல் வெயிலில் 42 டிகிரிக்கு ஏறினால் உள்ளிருக்கும் காற்று 5 சதவீதம் பெருகும். பாதி காலியான 400 மில்லி புட்டியில் 200 மில்லி காற்று இருக்கும். அது தள்ளிவிடுவது 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன். அத்தனையும் பூ ஓட்டை வழியாக வழிந்து தட்டின் மேலும் கீழும் பிசுபிசுக்கிறது. தேனீ ஓட்டைக்குள் நாக்கை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை, வெளியே நக்கினாலே போதும்.

அப்படி வயிறு நிறைந்து போகும் ஒரு தேனீ கூட்டில் நடனமாடி மற்றவற்றுக்கு இடம் சொல்லிவிடும். இந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃப்ரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் வாரம் தேனீ இல்லாமல் இருந்து, பிறகு ஒரே நாளில் கூட்டமாக வந்ததற்குக் காரணம் இதுதான். நிறத்தையும் இடத்தையும் நேரத்தையும்கூட அவை நினைவில் வைத்துக்கொள்ளும்.

புட்டி எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். வெறும் தண்ணீரை நிரப்பி, நிழலில் ஒரு மணி நேரம் காய்ந்த செய்தித்தாளுக்கு மேலே தொங்கவிடுங்கள். நிழலிலேயே சொட்டினால் கழுத்தில் இருக்கும் ரப்பர் வாஷர் நகர்ந்திருக்கிறது, அல்லது புரி சரியாக உட்காரவில்லை. வாஷரைக் கழற்றிக் கழுவி நேராக உட்கார வையுங்கள். அப்படியும் கசிந்தால் குழாய் வேலைக்குப் பயன்படும் டெஃப்லான் டேப்பைப் புரியில் மூன்று சுற்று சுற்றி மூடுங்கள். நிழலில் சொட்டாமல் வெயிலில் மட்டும் சொட்டினால் புட்டியில் குறையில்லை, வெயில்தான் காரணம்.

மொட்டைமாடிக் கம்பி இதற்கு உகந்த இடமே இல்லை. முழு வெயிலும் விழும், மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்தால் புட்டி ஆடி ஆடியே தண்ணீரைச் சிந்தும். தரைத்தள சன்ஷேடுக்குக் கீழே, வடக்குப் பார்த்த சுவரோரம் மாட்டுங்கள். நம் ஊரில் சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அதனால் அந்த மாதங்களில் வடக்குச் சுவரிலும் வெயில் படும். சன்ஷேடு இரண்டடியாவது நீண்டிருந்தால் உச்சி வெயில் உள்ளே வராது. காற்றில் ஆடாமலிருக்க ஃபீடரின் அடியிலிருந்து இன்னொரு கம்பியை ஜன்னல் கிரில்லில் கட்டிவிடலாம். புட்டியைப் பாதியாக நிரப்பாதீர்கள். காற்று எவ்வளவு குறைவோ கசிவும் அவ்வளவு குறைவு. ஒரு நாளைக்கு முழுப் புட்டி செலவாகாது என்றால் சிறிய புட்டிக்கு மாறுங்கள்.

அடுத்தது மஞ்சள் பூ. தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, கறுப்பு போலத்தான் தோன்றும். மஞ்சளும் நீலமும் அதற்கு நன்றாகத் தெரியும். ஹம்மிங் பறவை ஃபீடர்களில் மஞ்சள் பூ வைப்பது பார்க்க அழகாக இருக்கலாம், தேனீக்கோ அது அழைப்பு. பெரும்பாலான ஃபீடர்களில் அந்தப் பூக்கள் அழுத்திப் பொருத்தியவை, பிடுங்கினால் வந்துவிடும். பிடுங்கியபின் ஓட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகிவிடுகிறதா என்று பாருங்கள். பெரிதானால் அதே அளவில் சிவப்புப் பூ வாங்கிப் பொருத்துங்கள். பெயின்ட், நகப்பாலிஷ் எதையும் ஓட்டை அருகே பூச வேண்டாம், சிட்டின் அலகும் நாக்கும் படும் இடம் அது.

ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளவை. பறந்தபடியே அந்தரத்தில் நின்று குடிக்கும். அதனால் அவற்றின் ஃபீடர்களில் உட்காரக் கம்பி இல்லாமலும் இருக்கும். நம் தேன்சிட்டு ஓரிரு நொடி அந்தரத்தில் நிற்கும், ஆனால் உட்கார்ந்து குடிக்கவே விரும்பும். ஓட்டையிலிருந்து 3–4 செ.மீ. தள்ளி, பென்சில் பருமனுக்கும் குறைவான குச்சி ஒன்றைக் கட்டுங்கள். குச்சி இல்லாத ஃபீடரில் சிட்டு தடுமாறிப் புட்டியை ஆட்டும், தண்ணீர் சிந்தும், தேனீ திரும்பி வரும்.

சர்க்கரை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? தண்ணீர் கலந்து இனிப்பைக் குறைத்தால் தேனீ வராது என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், முதலியார்பேட்டை

ஓரளவு உண்மை. அமெரிக்காவில் ஹம்மிங் பறவைக்கு வைக்கும் வழக்கமான அளவு, ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். எடைக் கணக்கில் சுமார் 17 சதவீதச் சர்க்கரை. தேன்சிட்டுக்கும் இதுவே போதும். ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்தால் 14 சதவீதமாகும். தேனீ இதைவிட இரண்டு மூன்று மடங்கு இனிப்பானதை விரும்புவதால் ஒன்றுக்கு ஐந்து என்ற கலவையில் ஆர்வம் குறையும். அக்கம்பக்கத்தில் வேறு பூ இருந்தால் அதற்குப் போய்விடும். சுற்றிலும் பூவே இல்லாத காலத்தில் 14 சதவீதத்தையும் விடாது. அதற்கும் கீழே நீர்க்கவிடாதீர்கள். சிட்டு வயிறு நிறைய வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவதில் யாருக்கும் பயனில்லை.

வீட்டு அளவில்: 50 மில்லி கிண்ணம் நிறையச் சர்க்கரை (சுமார் 42 கிராம்), 200 மில்லி குடிதண்ணீர். நீர்த்த கலவை வேண்டுமானால் அதே சர்க்கரைக்கு 250 மில்லி. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சர்க்கரையைப் போட்டுக் கரைத்து, முழுக்க ஆறியபின் ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் கலவை ஆறும்வரை புட்டி நிலையில்லாமல் சொட்டும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதைத் தவிர்த்துக் குடிக்கும் தண்ணீரையே எடுங்கள். மீதியை மூடி ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம்.

வெள்ளைச் சர்க்கரை நமக்கே கெடுதல் என்கிறார்கள். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் வைக்கலாமா?
— வாசகி, வில்லியனூர்

வேண்டாம். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை மூன்றிலும் இரும்பு இருக்கிறது. நமக்கு நல்லதான அந்த இரும்பு பூந்தேன் குடிக்கும் சிறு பறவையின் கல்லீரலில் சேர்ந்து கெடுதல் செய்யும். தேன் சீக்கிரம் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, கடைத் தேனில் இருக்கக்கூடிய தேனீ நோய்க்கிருமிகள் உங்கள் ஃபீடர் வழியாக ஊர்த் தேனீக் கூடுகளுக்குப் போய்ச் சேருவது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பெட்டிகளில் வளர்க்கும் அடுக்குத் தேனீக் கூட்டங்களை அழித்ததைத் தேனீ வளர்ப்போர் இன்றும் மறக்கவில்லை. செயற்கை இனிப்பு, சிவப்புச் சாயம், பேக்கரிக்கான ஐசிங் சர்க்கரை எதுவும் கூடாது. ஐசிங் சர்க்கரையில் மாவு கலந்திருக்கும்.

ஓட்டையைச் சுற்றி வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவினால் தேனீ உட்காராது என்று சொன்னார்கள். கற்பூரம் கட்டித் தொங்கவிடலாமா? கொசு மருந்து லேசாக அடித்தால்?
— வாசகர், மஞ்சக்குப்பம்

மூன்றும் வேண்டாம். எண்ணெயும் வாசலினும் சிட்டின் மார்பு இறகில் ஒட்டும். இறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பறக்க முடியாது, உடல் சூட்டையும் காக்க முடியாது. பத்து கிராம்கூட இல்லாத பறவைக்கு அந்தப் பிசுக்கு உயிர்ப் பிரச்சினை. வெயிலில் அது உருகி ஓட்டைக்குள்ளும் இறங்கும். கற்பூர வாசனையைச் சர்க்கரை கிடைக்கும் இடத்தில் தேனீ பொருட்படுத்தாது. கொசு மருந்தும் எறும்புச் சாக்பீஸும் பூச்சிக்கொல்லி. தேனீ அதைக் காலில் ஒட்டிக்கொண்டு கூட்டுக்குப் போகும், சிட்டு அதையே அலகால் தொடும். தேனீயைக் கொன்றால் அந்த இடத்துக்கு அடுத்த தேனீ வரும், சர்க்கரை அங்கேயே இருப்பதால்.

தடவ வேண்டியது ஈரத்துணி ஒன்றுதான். ஒவ்வொரு முறை நிரப்பியதும் ஃபீடரின் வெளிப்பக்கம், அடிப்பக்கம், கொக்கி எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கடிதம் எழுதியவர்களில் பலர் விட்டுவிடும் வேலை இது, பாதிக்குப் பாதி தேனீயை இதுவே குறைக்கக்கூடியது.

கடையில் வாங்காமல் வீட்டிலேயே, தேனீ நுழையாத ஃபீடர் செய்ய முடியுமா? அளவோடு சொல்லுங்கள்.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

முடியும். எங்களைக் கேட்டால் கவிழ்த்த புட்டியைவிட இதையே பரிந்துரைப்போம். அமெரிக்கக் கடைகளில் சாஸர் வகை என்று விற்கும் ஃபீடரின் தத்துவம் இது: தண்ணீர் கீழே, ஓட்டை மேல்மூடியில். புட்டி வகையில் தண்ணீர் ஓட்டை வாயிலேயே நிற்கும். இதில் ஓட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அடுக்குத் தேனீயின் நாக்கு சுமார் 5 மில்லிமீட்டர். மலைத்தேனீக்குச் சற்று அதிகம், கொம்புத் தேனீக்குக் குறைவு. தேன்சிட்டின் அலகு மட்டுமே ஒன்றரை செ.மீ. இருக்கும், நாக்கு அதற்கு வெளியேயும் நீளும். தண்ணீர் மட்டம் ஓட்டையிலிருந்து 1 செ.மீ. கீழே இருந்தால் சிட்டுக்கு எட்டும், தேனீக்கு எட்டாது. இந்த ஒரு சென்டிமீட்டரைக் காப்பாற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேவையானவை: உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்கில், இறுக்கமாக மூடும் வட்ட டப்பா ஒன்று. குறுக்களவு 11 செ.மீ., உயரம் 4 செ.மீ. இருந்தால் சரி. மூடி சிவப்பாக இருக்கட்டும். மூடியில் விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே, சம இடைவெளியில் நான்கு ஓட்டைகள், ஒவ்வொன்றும் 3 மி.மீ. கைத்துளைப்பான் இருந்தால் நல்லது. ஆணியைச் சுட்டுக் குத்தினால் ஓட்டை கோணலாகி விளிம்பில் முள் நிற்கும். வேறு வழியில்லை என்றால் குத்தியபின் உப்புத்தாளால் இருபக்கமும் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தேனீ தலையை உள்ளே விடும். அப்போது நாக்கோடு தலையின் நீளமும் சேர்ந்துகொள்வதால் உங்கள் ஒரு சென்டிமீட்டர் கணக்கு பொய்த்துப்போகும்.

டப்பாவின் உள்சுவரில் மூடியிலிருந்து 1 செ.மீ. கீழே ஒரு கோடு கீறிவையுங்கள். அதற்கு மேல் ஊற்றாதீர்கள். இந்த அகலத்தில் மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்க 9 மில்லிக்கு மேல் செலவாக வேண்டும். அதனால் இரண்டு மூன்று சிட்டுகள் குடித்தாலும் மாலைவரை அலகுக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கும். குறுகலான டம்ளர் போன்ற பாத்திரத்தில் இது நடக்காது: காலையில் தேனீக்கு எட்டும், மாலையில் சிட்டுக்கும் எட்டாது.

தொங்கவிட டப்பாவைச் சுற்றிக் கம்பி வளையம் போட்டு, மூன்று இடத்திலிருந்து மேலே ஒரே கொக்கிக்குக் கொண்டுபோங்கள். நீர் மட்டம் பார்த்துச் சமமாக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து ஓட்டையில் தண்ணீர் மூடியைத் தொடும். கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ பிளாஸ்டிக் பூசியதாகவோ இருக்கட்டும். சாதாரணக் கம்பி உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். உட்காரும் குச்சியை வளையத்தோடு சேர்த்துக் கட்டலாம். தரையிலிருந்து ஐந்தரை, ஆறடி உயரம். பூனை ஏறி எட்டும் சுவரோ மரக்கிளையோ அருகில் வேண்டாம்.

இதில் ஒரு குறை உண்டு. கொசுத்தேனீ மிகச் சிறியது. 3 மி.மீ. ஓட்டை வழியாக நடந்தே உள்ளே இறங்கி, தண்ணீரில் விழுந்து செத்து மிதக்கும். அது வரும் வீடுகளில், குழந்தைப் பால்புட்டியின் சிலிக்கான் நிப்பிளிலிருந்து சிறு வட்டம் வெட்டி, நடுவில் சிலுவை போல இரண்டு கீறல் போட்டு, ஓட்டையின் அடிப்பக்கம் பொருத்துங்கள். அலகு தள்ளினால் திறக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும். முதலில் ஒரே ஓட்டைக்குப் போட்டு, சிட்டு அலகை நுழைக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்கும் போடுங்கள். கொசுவலைத் துணியை ஓட்டைமேல் ஒட்டுவது சரிப்படாது. துணி சர்க்கரையை உறிஞ்சி மேலே கொண்டுவரும், சிட்டின் நாக்கும் சிக்கும்.

நீங்கள் சொல்லும் எல்லாம் செய்தும் தேனீ விடவில்லை. ஐப்பசியில்தான் அதிகம். இடத்தை மாற்றினால் போகுமா?
— வாசகி, அரியாங்குப்பம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூக்களின் தேன் கழுவிக்கொண்டு போய்விடும், கூட்டில் கையிருப்பும் குறையும். மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் தேனீக்கள் கிடைத்த இனிப்பிலெல்லாம் மொய்க்கும். தை, மாசியில் பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூக்கும்போதும், பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கமும் பூக்கும்போதும் அதே ஃபீடரை ஏறெடுத்தும் பாராது. அதனால் ஐப்பசியில் நீங்கள் படும் பாடு தற்காலிகமானது.

இடம் மாற்றுவது வேலை செய்யும், ஆனால் ஓரடி ஈரடி நகர்த்தினால் பயனில்லை. பழைய இடத்தைச் சுற்றிப் பறந்தே கண்டுபிடித்துவிடும். இருட்டியபின், தேனீ இல்லாத நேரத்தில், ஃபீடரைக் கழற்றி உள்ளே வையுங்கள். மூன்று நாள் வெளியே காட்டாதீர்கள். பழைய கொக்கியையும் சுவரையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், காய்ந்த சர்க்கரைக் கறையே போதும் அவற்றை வரவழைக்க. நான்காம் நாள் வீட்டின் மறுபக்கம், பழைய இடத்திலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், ஒன்றுக்கு ஐந்து கலவையோடு மாட்டுங்கள். சிட்டுகள் தோட்டத்தை நாள் முழுக்கச் சல்லடை போடுபவை, தேடி வந்துவிடும்.

அதுவும் கைகொடுக்காவிட்டால் நேரத்தைச் சுருக்குங்கள். விடிந்தும் விடியாத பொழுதில் மாட்டி, தேனீ நாலைந்து தலை காட்டியதும் எடுத்துவிடுங்கள். சிட்டு விடியற்பசியில்தான் மும்முரமாகக் குடிக்கும்.

தேனீக்களைத் திசைதிருப்ப வேறொரு மூலையில் தட்டில் கெட்டிப் பாகு வைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. இருபது தேனீ வந்த இடத்துக்கு இருநூறு வரும், ஒரே தட்டில் பல கூட்டுத் தேனீக்கள் கலப்பதால் நோயும் பரவும். தேனீக்கு ஏதாவது செய்ய ஆசையிருந்தால் கோடையில் ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வெறும் தண்ணீர் வையுங்கள்.

தேனீயை ஒழித்தோம், எறும்பு வந்துவிட்டது!
— வாசகர், நெல்லிக்குப்பம்

கொக்கிக்கும் ஃபீடருக்கும் நடுவே ஓர் அகழி வேண்டும். பெரிய ஜாடி மூடியின் நடுவில் ஓட்டை போட்டுக் கம்பியைச் செருகி, ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, மூடிக்குள் தண்ணீர் நிரப்புங்கள். எறும்பு நீந்தி வராது. எண்ணெய் ஊற்றாதீர்கள், சிட்டுகள் அதிலும் அலகை வைக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள். விட்டுவிட்டால் டெங்கு கொசு அதில் முட்டையிடும். ஃபீடர் சுவரையோ இலையையோ தொட்டாலும் அகழி வீண்.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும்? எங்கள் ஃபீடரில் கறுப்பாக ஏதோ படிகிறது.
— வாசகி, முத்தியால்பேட்டை

அது பூஞ்சை. பங்குனி முதல் ஆவணி வரை தினமும், மார்கழி, தையில் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றிக் கழுவுங்கள். தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தால் நாள் கணக்கு பார்க்காமல் கொட்டிவிடுங்கள். புளித்த வாசனை ஈயையும் குளவியையும் அழைக்கும். வெந்நீரும் பாட்டில் பிரஷ்ஷும் போதும். கறுப்புப் படிவுக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஓட்டைகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மூன்று முறை அலசுங்கள். பழைய சர்க்கரைத் தண்ணீரைச் செடியடியில் ஊற்றாமல் சாக்கடையில் ஊற்றுங்கள்.

தினமும் கழுவ இயலாதவர்கள் ஃபீடர் வைக்காமலிருப்பதே சிட்டுக்குச் செய்யும் நன்மை.

என் மகன் டல்லாஸில் இருக்கிறான். செப்டம்பரில் அவன் வீட்டு ஃபீடரில் தேனீயோடு மஞ்சள் குளவியும் சேர்ந்து ஹம்மிங் பறவையை விரட்டுகிறதாம். கேட்டுச் சொல்லச் சொன்னான்.
— வாசகி, செம்மண்டலம்

அங்கே செப்டம்பரில் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வரும். குளவிக் கூட்டம் கோடை முடிவில் பெருத்து, இனிப்பைத் தேடி அலையும். அதே சமயம் செந்தொண்டை ஹம்மிங் பறவைகள் தெற்கு நோக்கி வலசை போகும். மூன்று கிராம் எடையுள்ள அந்தப் பறவைகளில் பல மெக்சிகோ வளைகுடாவை, சுமார் 800 கிலோமீட்டரை, ஒரே மூச்சில் கடக்கக்கூடியவை. அதற்கு முன் உடலில் கொழுப்பு சேர்க்கும். ஆகவே அந்த மாதத்தில் கலவையை நீர்க்கச் செய்ய வேண்டாம், ஒன்றுக்கு நான்கிலேயே வைத்திருக்கட்டும். புட்டி வகை ஃபீடராக இருந்தால் சாஸர் வகைக்கு மாறச் சொல்லுங்கள். அங்கே தேனீத் தடுப்பு வலையோடு எளிதில் கிடைக்கும். மஞ்சள் பாகம் எதுவும் இல்லாமல் முழுச் சிவப்பாகப் பார்த்து வாங்கட்டும். ஒரே பெரிய ஃபீடருக்குப் பதிலாக ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி இரண்டு சிறியவை வைத்தால், பறவைகள் தங்களுக்குள் விரட்டிக்கொள்வதும் குறையும். குளவிப் பொறி வைப்பதானால் ஃபீடரிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். ஃபீடர் இருப்பதால் பறவை வலசை போகாமல் தங்கிவிடும் என்ற பயம் தேவையில்லை. பகல் நீளம் குறைவதை வைத்தே அது புறப்படுகிறது.

பக்கத்து அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ பெரிய கூடு கட்டியிருக்கிறது. நாங்கள் சர்க்கரைத் தண்ணீர் வைத்ததால்தான் வந்தது என்கிறார்கள். வீட்டில் சிறு குழந்தைகள் உண்டு.
— வாசகர், ரெட்டியார்பாளையம்

உங்கள் ஃபீடரை நம்பி அவ்வளவு பெரிய கூட்டம் வராது. மலைத்தேனீ பூக்காலத்தைத் தொடர்ந்து இடம் மாறும் இனம். உயரமான கட்டடங்களும் தொட்டிகளும் அதற்கு மலைமுகட்டுக்குச் சமம். பூ முடிந்ததும் தானாகக் கிளம்பும், வெறும் அடை மட்டும் தொங்கும். ஆனால் கூடு அவ்வளவு அருகில் இருக்கும்போது குழந்தைகள் விளையாடும் உயரத்தில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது சரியில்லை. கூடு காலியாகும்வரை ஃபீடரை எடுத்துவிடுங்கள். யாரும் புகை போடவோ பட்டாசு வெடிக்கவோ கல்லெறியவோ கூடாது. அகற்றியே ஆக வேண்டுமென்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்திலிருந்து மற்றவற்றை அழைக்கும் வாசனை வெளிப்படும். நின்று அடிக்காமல் உடனே வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ தலை சுற்றினாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். பல கொட்டுகள் பட்ட குழந்தையை இந்த அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனையில் காட்டுங்கள்.

ஃபீடரே இல்லாமல் தேன்சிட்டை வரவழைக்க என்ன நடலாம்? கொல்லையில் பத்துக்குப் பத்தடி இடம்தான்.
— வாசகி, தேவனாம்பட்டினம்

பத்தடி தாராளம். ஒரு வாழை, ஒரு மாதுளை, இரண்டு சிவப்புச் செம்பருத்தி, வேலியோரம் இட்லிப்பூ. கல்வாழையை ஈரம் தேங்கும் மூலையில் வையுங்கள். நர்சரிகளில் ஹமேலியா என்று கேட்டால் ஆரஞ்சுச் சிவப்பில் குழல் பூக்கள் கொத்தாகப் பூக்கும் செடி தருவார்கள். அமெரிக்கப் பக்கத்தில் ஹம்மிங் பறவைக்கு உணவான அதே செடிதான் இங்கே தேன்சிட்டுக்கும் பிடித்தமானது. இடம் பெரிதானால் கல்யாண முருங்கை. குழல் நீண்ட பூவில் தேன் அடியாழத்தில் இருப்பதால் தேனீக்கு எட்டாது, சிட்டுக்கு எட்டும். சிட்டும் சில நேரம் பூவின் அடியில் துளையிட்டுக் குடிக்கும். அந்தத் துளை வழியாகத் தேனீயும் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் தீங்கில்லை.

கடற்கரைத் தெருவில் மணல் அதிகம், உப்புக்காற்றும் உண்டு. குழி ஒன்றரை அடி தோண்டி, பாதி செம்மண்ணும் கால் பங்கு மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். செம்பருத்தியையும் ஹமேலியாவையும் சுவர் மறைவில் நடுங்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தேன்சிட்டு தன் குஞ்சுகளுக்குத் தேனை ஊட்டி வளர்ப்பதில்லை. சிலந்தியும் சிறு பூச்சியும்தான் அவற்றின் இரை, கூடு பின்னவும் சிலந்தி வலை வேண்டும். ஹமேலியாவை ஆடியில் ஒரு முறை பாதியாகக் கத்தரித்தால் மழைக்குப் பின் புதுத்துளிரும் பூவும் வரும். கத்தரிக்கும் முன் கிளைநுனிகளில் பை போலத் தொங்கும் கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் குஞ்சு பறந்து போகும்வரை கத்தரியை எடுக்க வேண்டாம்.